கல்லுக்கு வாங்கிய அறை

அப்பாவிடம் என் வாழ்நாளில் ஒரே ஒரு அறைதான் வாங்கியிருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு சொல். அதுவும் நம் ஊர்ச் சொல்கூட இல்லை.

ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. எனக்கு எட்டு வயது நடந்த வருடம், வடக்கிலிருந்து ஒரு வியாபாரி பழம் எடுக்க வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. நடுவில் நின்று பேசவேண்டிய தரகரோ உத்தமபாளையத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

பந்தலுக்கடியில் பழப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. வியாபாரி ஒரு பெட்டியைத் தட்டினார், ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார், பிறகு "கல், கல்" என்றார்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "என்னது, கல்லா?"

"ஹாங், ஹாங், கல்!" என்று அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

எடை கூட்டப் பெட்டிக்குள் கல் போடுகிறவன் என்று விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரிக்குப் பெயர் வந்துவிட்டால், அடுத்த வெட்டுக்கு ஒரு வியாபாரியும் அவன் தோட்டத்தை எட்டிப் பார்க்கமாட்டான். அப்பா நேரே என்னிடம் வந்தார். நான் வரப்பில் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தேன். மடியில் ஐந்து கற்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேறென்ன வேண்டும்?

"ஏ கழுத, பெட்டிக்குள்ள கல்லப் போட்டியா?"

"சாமி சத்தியமா நான் போடலப்பா."

பளாரென்று விழுந்தது. "சின்னப்புள்ள வெளாட்டுங்க, கோவிச்சுக்கிறாதீக" என்று வியாபாரியைக் கையெடுத்துக் கும்பிட்டார் அப்பா. அந்த மனிதர் திகைத்துப்போய் இன்னொரு தடவை "கல்" என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போனார்.

"பச்சப்புள்ளைய ஏன் அடிக்கிறீக? அதான் போடலங்கிறாள்ல?" என்று அம்மா போட்ட சண்டை எடுபடவில்லை. அத்தனை பெட்டியையும் விரித்த சாக்கில் கொட்டி, கொத்துக் கொத்தாகத் தூக்கித் தேடினோம். வீங்கிய கன்னத்தோடு நானும் தேடினேன். ஒரு பொடிக்கல்கூட இல்லை. புதுப்பழம் என்பதற்கு அடையாளமாக மேலே பூத்திருந்த சாம்பல்தான் கைபட்டு அழிந்தது. சாம்பல் போன பழம் இரண்டாந்தரம்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. கூடவே வந்த தரகர், நடந்ததைக் கேட்டுச் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அட ஏண்ணே, அவுக பாசையில கல்லுன்னா நாளைக்கு! நாளைக்கு லாரி வரும்னு சொல்லியிருக்காக."

"அப்ப நேத்துக்கு என்ன சொல்லுவாக?" என்று கேட்டாள் அம்மா.

"அதுக்கும் கல்லுதான் மதினி."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேற்றைக்கும் நாளைக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படியோ பிழைத்துவிட்டுப் போகட்டும், நடுவில் அறை வாங்க நான்தானா கிடைத்தேன்? வியாபாரி மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, அப்பா மேல் தப்பில்லை என்றும் தெரிந்துவிட்டது. என் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் ஒரு வாய் இல்லை. மூன்று நாள் அப்பாவோடு பேசாமல் இருந்து பார்த்தேன். அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

என்னைச் சந்தேகப்பட்டுத்தான் அடித்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேவிட்டேன். "நீ போடலன்னு எனக்குத் தெரியும்த்தா" என்றார் அப்பா.

குழந்தை போட்ட கல் குறும்பு, சம்சாரி போட்ட கல் களவு. வந்த ஆள் முன்னால் அதைக் குறும்பாக்கிவிட அப்பாவுக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டிருக்கிறது. எட்டு வயதில் எனக்கு இது புரியவில்லை. இப்போது நன்றாகவே புரிகிறது. கோபம்தான் அன்றைக்கு இருந்ததைவிடக் கூடியிருக்கிறது.