பிரித்துத் தைத்த கைகள்

எங்கள் தெருத் தையல்காரிக்குப் ‘பொறுமை அக்கா’ என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. அந்தப் பெயர் அக்காவுக்குப் பிடிக்கும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆராதனையில் போதகர் சாந்தகுணத்தைப் பற்றிப் பேசினால் பாதிச் சபை இவரைத்தான் திரும்பிப் பார்க்கும். அக்கா தலையைக் குனிந்துகொள்வார். ரொம்பவும் குனிய மாட்டார்.

கூடத் தைப்பவள் அக்காவுடைய கொழுந்தனாரின் மனைவி. கை வேகம், வாய் அதைவிட வேகம். ஒரே குறை, சட்டைக்குக் கை வைக்கும்போது வலக்கையையும் இடக்கையையும் மாற்றி வைத்துவிடுவாள். கையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் குடைந்து வெட்டியிருப்பார்கள். எது வலம், எது இடம் என்று காட்டும் அந்த வித்தியாசம் அவள் கண்ணில் படவே படாது. அந்தச் சட்டையைப் போட்டால் அக்குளில் இழுக்கும். அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வீட்டுக்குப் போனதும் பிரித்துச் சரியாகத் தைத்து வைப்பார். ஆண்டவர் நம்மை எவ்வளவு பொறுத்திருக்கிறார், இதைப் பொறுக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வார்.

கொழுந்தனார் படுத்த படுக்கையானதும் அவள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். போன அன்றே மத்தியானம் திரும்பி வந்து நின்றாள்.

“கையை மாத்தி வச்சிருக்கேனாம்க்கா, வச்ச அத்தனையும்! இத்தனை வருஷத்துல ஒருத்தரும் குறை சொன்னதில்லன்னு சண்டை போட்டேன். வெளிய அனுப்பிட்டாங்க.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“உன் மனசு நோகக் கூடாதுன்னு நானே பிரிச்சுத் தைச்சேன்மா. பொறுத்துக்கிட்டேன்.”

“சொல்லியிருந்தா திருத்திக்கிட்டிருப்பேனே! இவளுக்குச் சொன்னா மண்டையில ஏறாதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?”

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது பொறுமையா, சண்டைக்குப் பயமா, நல்ல பெயர் கெடக் கூடாது என்ற ஆசையா? ‘ஆண்டவரே, தப்பு அவளுதா, என்னுதா?’ என்று அக்கா கேட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சட்டைக்குக் கை வைக்கச் சொன்னார்.

“மாறியிருக்கு, பிரி.”

பிரித்தாள், வைத்தாள். மறுபடியும் மாறியிருந்தது.

“இப்பவும் மாறித்தான் இருக்கு.”

“எங்கக்கா? எனக்குத் தெரியலையே!”

இவ்வளவு கோபம் தனக்குள் இருப்பதே அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. சட்டையைப் பிடுங்கித் தானே தைத்துவிடாமல் இருக்க, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அக்கா ஜெபம் பண்ணுவதுபோல் இருந்தது.