அணைக்க வேண்டாம்

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன். தெரியும். மெதுவாகத் தெரியும். இரண்டாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள் நான். குச்சி அடுக்கிக்கொண்டே, பெட்டியில் ஒட்டும் லேபிளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகினேன். இதை எழுதவும் எனக்கு நாலைந்து நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கு எங்கே போக வேண்டியிருக்கிறது?

மதினி ஐந்தாவது படித்தவள். என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணனும் போய், என் வீட்டுக்காரரும் போன பிறகு கோவில்பட்டியில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் வாசிப்பைப் பற்றி அவளுக்கு ஓயாத கேலி. அதற்கு நானே ஒரு காரணம் கொடுத்திருந்தேன். ஒரு தடவை திருநெல்வேலியிலிருந்து வரும்போது, பஸ்ஸின் நெற்றியில் 'கோவில்பட்டி' என்று பார்த்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கீழேயே 'ஊருக்குள் போகாது' என்றும் எழுதியிருந்ததாம். நாலுவழிச் சாலையில் என்னை இறக்கிவிட்டு பஸ் மதுரைக்குப் போய்விட்டது. உச்சி வெயிலில் ஒரு பூசணிக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மதினி தண்ணீர் கொடுத்த கையோடு கேட்டாள்:

"ஏட்டி, மிச்ச எழுத்த எல்லாம் யாருக்கு வச்சிருக்க? தமிழ்ல சங்கதியே கடைசியிலல்லா இருக்கு."

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த வீட்டில் என்னை 'ஏட்டி' என்று கூப்பிட ஆள் இல்லை. வெளியே எல்லோருக்கும் நான் பெரியவள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் மரியாதை ஒரு வயதுக்குமேல் வாய்க்கு உறைப்பதில்லை.

ஏட்டியைக் கேட்க எனக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர்.

மதினியின் மகன், எனக்கு மருமகன், வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று அவன்தான் வாங்கி வைத்தான். ஒரு ஆயுத பூஜைக்கு லீவில் வந்தவன், கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அதை நிறுத்த மறந்து கடைக்குப் போய்விட்டான். அது பதினோரு நிமிடம் எங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. படம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரும், மதினியின் முழங்கையும்தான். ஆனால் குரல் பூராவும் இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் பொட்டு வைக்கப் போன என்னை மதினி தடுக்கிறாள்.

"மூஞ்சியிலயா பொட்டு வைப்ப? பெட்டிக்கு வைட்டி."

"பிள்ளைக்கு நெத்தியிலதான வைப்பாவ? முதுகுலயா வைப்பாவ, மதினி?"

"சரி, உம்பிள்ளைக்கு நீயே வை. நாளைக்கு மறுபூசை வரைக்கும் அதத் தொட்டன்னா கைய ஒடிச்சிருவேன். ஆயுதமும் ஒரு நாள் மூச்சு விடணும்லா."

பிறகு சந்தனம் குழைக்கிற தண்ணீர் அளவுக்கு ஒரு சண்டை. அதிலிருந்து எப்படியோ பஸ் கதைக்கு வந்துவிடுவாள். எனக்குக் கோபம் வந்து எழுந்து புறவாசலுக்குப் போய்விடுவேன். கொஞ்ச நேரம் அவள் வளையல் சத்தம் மட்டும். கடைசியில், "ஏட்டி... எங்கிட்டுப் போயிட்ட?" என்பாள். அதோடு முடிந்துவிடும். என் பதில் அதில் இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு தினமும் அதைக் கேட்பேன். மருமகனுக்கு அது இருப்பது தெரியும். ஆனால் அம்மா போனபிறகு அவன் அதைக் கேட்டதில்லை. "எனக்கு அதக் கேக்க ஏலாது, அத்தை. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றுவிட்டான்.

இந்த வருடம் ஆயுத பூஜை. அரிவாள்மணை, அரிவாள், மண்வெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்துவிட்டு கம்ப்யூட்டரிடம் வந்தேன். முந்தின நாள் கேட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தேன் போலிருக்கிறது. அதுவாகவே விழித்துக்கொண்டு, ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தமிழில் எழுத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டிப் படித்தேன். 'உங்கள்... க, ணி, னி, யை... அ, ணை, க், க...'

அவ்வளவு போதும் என்று தோன்றியது. மிஷினுக்கே தெரிந்திருக்கிறது இன்றைக்கு ஓய்வு நாள் என்று, வாய் திறந்து கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டு, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். பிறகு பொட்டு வைத்தேன். நெற்றியில் அல்ல. மதினி சொன்னபடி பெட்டியில்.

மறுநாள் பூசை முடிந்து போட்டால், கறுப்புத் திரை. வட்டம் சுற்றும், அணையும், மறுபடி சுற்றும். மத்தியானம் வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். சோறு இறங்கவில்லை.

மருமகனுக்குப் போன் போட்டேன். "அது அப்டேட் ஆயிட்டிருந்திருக்கும். நடுவுல அணைச்சியளா, அத்தை?"

"நான் எதுக்கு அணைக்கேன்? கரண்டு போச்சு."

"அதுலதான அது இருக்கு?" என்றான். "ஆமா" என்றேன்.

பெட்டியை மதினியின் பழைய சேலையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். கடை வைத்திருப்பவர் எந்த வயதானாலும் அண்ணாச்சிதானே. திறந்து ஊதினார். கறுப்பாகத் தூசி பறந்தது.

"என்னம்மா, கரிசக்காட்டுல பாதிய உள்ள வச்சிருக்கிய?"

"மீதி காடு ஓட்டப்பிடாரத்துல கிடக்கு அண்ணாச்சி. வேணும்னா அதையும் ஊதுங்க."

சிரித்தார். பிறகு மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூராத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டா சாயங்காலத்துக்குள்ள ஓடிரும்."

"உள்ள இருக்கது?"

"அது போயிரும்."

"அப்ப வேண்டாம்."

"கரண்டு போயி நின்னுச்சா? கரண்டு ஏறி இறங்கிப் போயிருந்தா உள்ள இருக்க டிஸ்க்கே அடிவாங்கியிருக்கும். நான் தொட்டா மொத்தமும் போயிரும், மதுரைக்குத்தான் அனுப்பணும். சும்மா யாராவது அணைச்சிருந்தா வேற மாதிரி. எது நடந்துச்சுன்னு சரியாச் சொல்லுங்கம்மா."

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா வேறு. என் தலை எந்தக் காலத்திலும் யார் முன்னாலும் குனிந்ததில்லை. மடியில் கிடந்த சேலையைப் பார்த்தேன்.

"நான்தான் அணைச்சேன்," என்றேன். "அணைக்கன்னு எழுதியிருந்துச்சு. அதுக்குமேல வாசிக்கல."

வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. அண்ணாச்சி பெட்டியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். "ஆயுத பூசை அன்னைக்கா? அது 'அணைக்க வேண்டாம்'னுல்லா போடும்."

"இப்பத் தெரியுது."

அவர் ஒரு சின்னக் குச்சியைப் பெட்டியில் செருகி, அதன் வழியாக உள்ளே போனார். முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் வேறு ஒன்றில் படி எடுத்து வைத்துக்கொள்கிறேன், பிறகு பாதியில் நின்ற புதுசை எடுத்துவிட்டுப் பழையபடிக்கே கொண்டுபோகப் பார்க்கிறேன் என்றார். ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. மானாவாரிக்காரிக்குக் காத்திருக்கச் சொல்லித்தரவேண்டாம். விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற மாதிரி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு கூப்பிட்டார். "இதுவா பாருங்க." தட்டினார். கடை முழுக்க மதினி: "மூஞ்சியிலயா பொட்டு வைப்ப?"

"போதும் அண்ணாச்சி, நிறுத்துங்க," என்றேன். "மிச்சம் வீட்டுல."

அது எங்கள் வீட்டுச் சண்டை. ஊர் கேட்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து பெட்டியை மாட்டித் தந்துவிட்டு ஆட்டோக்காரர் போனதும், மருமகனைக் கூப்பிட்டேன். கரண்டு போகவில்லை, நான்தான் அணைத்தேன், பாதிதான் வாசித்தேன் என்று சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான். பிறகு, "அத்தை, போனப் பக்கத்துல வைங்க," என்றான். "நானும் கேக்கேன்."

வைத்தேன். பொட்டு, சந்தனம், பஸ், பூசணிக்காய். 'சங்கதியே கடைசியிலல்லா இருக்கு' என்று மதினி சொன்ன இடத்தில் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் கேட்காததுபோல இருந்தேன். வளையல் சத்தம். பிறகு,

"ஏட்டி... எங்கிட்டுப் போயிட்ட?"

தனியாக இருக்கும்போது அந்த இடத்தில் நான் சொல்வது ஒன்று உண்டு. அவன் கேட்கிறானே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். திரையில் சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"என்ன அத்தை," என்றான் மருமகன். "அம்மா கூப்பிடுதால்லா? பதில் சொல்லுங்க."

"இங்கனதான் இருக்கேன், மதினி," என்றேன்.