பத்தாவது அட்டை

முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க எனக்கு ஒரே ஒரு கட்டுரை பாக்கி இருந்தது. எந்தப் பத்தியில் எதைச் சொல்லப்போகிறேன் என்று முதலில் திட்டம் போட்டுத் திங்கள் காலை கொண்டுவரச் சொல்லியிருந்தார் என் நெறியாளர் அம்மா. ஏற்கெனவே இரண்டு முறை கெடு கேட்டு வாங்கியாயிற்று. மூன்றாவது முறை கிடைக்காது. கேட்கவும் எனக்கு முகமில்லை.

ஞாயிறு மத்தியானம் வில்லாபுரம் வீட்டில், கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். என் கணவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். தப்பாக அச்சான பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் எங்கள் வீட்டு மளிகைப் பட்டியல்கூட எழுதுவோம். அந்த அட்டைகளில் ஒன்றுக்கு ஒரு பத்தி என்று பதினோரு அட்டை எழுதி வரிசையாகப் பரப்பினேன். பறந்துவிடுமே என்று ஃபேனை நிறுத்திவிட்டேன். மதுரை வெயிலில் மனுஷர் பனியன் நனைய எதிரே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை முனகவில்லை. நானாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன்.

அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். மண் ஈரத்தைப் பற்றி எனக்கு முன்னால் எழுதியவர்களையெல்லாம், ஒருவர் மனமும் கோணாதபடி வரிசையாக நிறுத்தியிருந்தேன். என் நெறியாளரின் பழைய கட்டுரைக்கு மட்டும் இரண்டு அட்டை.

"ஏம்மா, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் அம்புட்டுப் பேரும் வந்துட்டாங்க. மாப்ள எங்க?" என்றார்.

பத்தாவது அட்டையின் கடைசி வரியைக் காட்டினேன், என் கண்டுபிடிப்பு அங்கேதான் இருந்தது. சோளத்தட்டையை மண்மேல் கனமாகப் பரப்பினால் ஈரம் நிற்கும் என்பது நெறியாளரின் முடிவு. ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் நான் அளந்த மானாவாரிக் காட்டில் தூறல்தான் விழுந்தது. அந்தத் தூறலைத் தட்டையே குடித்துவிட்டது, அடியில் மண் காய்ந்து கிடந்தது.

"இதைப் போயி ஏன் ஒளிச்சு வச்சிருக்க?"

வள்ளென்று விழுந்தேன். பத்திரிகை அடிக்கிறவருக்கு ஆராய்ச்சியில் என்ன தெரியும் என்று கேட்டேவிட்டேன். அவர் எழுந்து போய் மோர் கலக்கிக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பாதி டம்ளர் குடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பயந்துபோய்த்தான் ஒளித்திருந்தேன். நெறியாளரின் கையெழுத்து இல்லாமல் என் ஆய்வேடு ஓர் அடி நகராது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பத்தாவது அட்டையை எடுத்தேன். கடைசி வரியை மேலே கொண்டுவந்து புதிதாக எழுதி, முதல் அட்டையாக வைத்தேன். நெறியாளரின் இரண்டு அட்டைகளை ஒன்றாக்கினோம். உறவுக்காரர்களில் நாலு பேரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டோம்.

மறுநாள் அடுக்கிய அட்டைகளோடு என்னைக் கல்லூரிக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே டீக்கடையில் நின்றுகொண்டார். நெறியாளர் முதல் அட்டையை இரண்டு முறை படித்தார்.

"அப்ப நான் எழுதுனது தப்புங்கிற."

"இல்ல மேடம். நீங்க அளந்தப்ப நல்ல மழை. நான் சொல்றது தூறலுக்கு மட்டுந்தான்."

"அந்த வரி இதுல எங்க?"

இல்லை. ஒளித்ததை வெளியே இழுத்த வேகத்தில் அதை எழுத மறந்திருந்தேன். அவரே பேனாவை எடுத்து, 'தூறல் மழைக்கு மட்டும்' என்று என் வரிக்குப் பக்கத்தில் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்தார்.

வெளியே வந்ததும் கணவரிடம் அட்டையை நீட்டினேன். கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், வெயில் ஏறுது, ஏறு என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவருக்கு ஃபேனைப் போட்டேன். தரையில் கழித்துப் போட்டிருந்த அட்டைகளெல்லாம் பறந்தன, பறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.