பன்னிரண்டாம் நம்பர் கம்பி

அவர் ஏதோ ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ஞாயிற்றுக்கிழமைகூடக் கழற்றமாட்டார். திருப்பூரில் நான் நடத்தும் இசைக்கருவிக் கடைக்கு, கம்பி மாற்ற எலெக்ட்ரிக் கிட்டாரோடு வருவார். கம்பியைத் தொட்டே பார்க்கமாட்டார். அதன் உறையில் அச்சடித்த நம்பரை மட்டும் இரண்டு முறை படிப்பார்.

"ஒம்பதாம் நம்பர் விரலை அறுக்குதுங்க. பத்து போடுங்க, இன்னும் நைசா இருக்குமில்லீங்க."

பனியன் நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலியும். கிட்டார் கம்பியிலோ நம்பர் ஏற ஏறத் தடிக்கும். சொல்லியிருக்கலாம். ஆனால் வலிக்கிற விரலைவிட லேபிளை நம்புகிற ஆளிடம் என்ன பேச்சு? பத்தை மாட்டிக் கொடுத்தேன். அடுத்த மாதம் பதினொன்று கேட்டார், அப்புறம் பன்னிரண்டு. விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

"இன்னும் கை பழகலீங்க," என்றார். அவர் படியிறங்கியதும் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, கிட்டார் கரகரக்கிறது என்று கொண்டுவந்தார். சரிசெய்துவிட்டு வாசித்துப் பார்த்தேன். இருபது வருடமாக ஒன்பதிலேயே ஊறிய என் விரலுக்கு அந்தக் கம்பி கொஞ்சமும் வளையவில்லை.

"குடுங்க," என்று வாங்கினார். அதே கம்பியை ஒற்றை விரலால் மேலே தள்ளி, ஒரு சுரத்தை நீளமாக இழுத்தார். கடையே அதிர்ந்தது.

"நைசாத்தானுங்க இருக்குது," என்றார். அன்று அவர் உறையைப் பார்க்கவில்லை, சிவந்துபோன என் விரலைத்தான் பார்த்தார்.

நம்பர் விஷயம் அவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்க, எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.