ஜெயசீலி உட்கார்ந்த உயரம்

செய்தி வந்தபோது என் மேஜையில் ஒரு முழு ஆட்டுத்தோல் விரிந்து கிடந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தோலின் தரம் பார்ப்பது என் வேலை. உண்ணிக் கடி, முள் கீறல், கத்தி பட்ட இடம் என்று எங்கே குறை தெரிந்தாலும் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். வெட்டுகிறவர்கள் அந்த வட்டத்தை விட்டுவிட்டு வெட்டுவார்கள். ஒரு வட்டத்தைப் பாதி போட்டிருந்தேன். போனில் ஜெயசீலியின் கணவர் டேவிட் அண்ணன். "கலா, சீலி போய்ட்டாம்மா" என்றார். காலையில் டீ போட எழுந்தவள், நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்துவிட்டாளாம். மாரடைப்பு. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'ஜீப் ஒடுகத்தூரில் நிற்கிறதே, அதை யார் ஓட்டிக்கொண்டு வருவது?' என்றுதான் தோன்றியது. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன், பிறகுதான் அழுதேன். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சீலியோடு வண்டி ஓட்டிய உங்களுக்கு இது தப்பாகப் படாது. அவளைக் கேட்டிருந்தால், "அழுவறத அப்பறம் அழுவலாம், மொதல்ல வண்டிய எடு" என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஜெயசீலி எங்கள் தொழிற்சாலையில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். முப்பது மெஷின் ஓடும் சத்தத்தையும் தாண்டிக் கடைசி மெஷினுக்குக் கேட்கும் குரல். ஆள் மட்டும் ஐந்தடிக்குச் சற்றுக் கம்மி. அவள் ஒரு நாள் ஏலகிரிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. கம்பெனியிலிருந்து வந்தது எப்படியோ அப்படியே இருந்தது, ஒரு போல்ட் கூட மாற்றியிருக்கவில்லை. "இன்னாத்துக்குடி இது?" என்று கேட்டேன். "எட்டு மணி நேரம் ஒரே எடத்துல நின்னுனு இருக்கறோம். ஞாயித்துக்கெழமையாவது ரோடு இல்லாத எடத்துல போலாமே" என்றாள். கணவர் டேவிட் அண்ணன் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர், சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவர். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஜெபம் பண்ணிக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

முதல் ஞாயிறு, காலை ஆராதனை முடிந்த கையோடு, கோயில் புடவையிலேயே பாலாற்றங்கரைக்கு ஓட்டிப் போனாள். நான் பக்கத்தில். பத்து வருடம் முன்னால் ஸ்கூட்டரோடு ஒரு பள்ளத்தில் விழுந்ததிலிருந்து எனக்கு எந்த வண்டியின் கைப்பிடியைப் பார்த்தாலும் உள்ளங்கை வேர்த்துவிடும். மணலில் இறங்கிய அடுத்த நிமிடமே வண்டி அச்சு வரை புதைந்தது. சீலி ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "காத்த எறக்கும்மா, டயரு கொஞ்சம் சப்பையானாத்தான் மணல்ல நிக்கும்" என்றார். அவர் டிராக்டர் ஓட்டியவராம். நாலு டயரிலும் துடைப்பக் குச்சியால் குத்திக் குத்திக் காற்றை இறக்கினோம். வண்டி ஒன்றுமே நடக்காததுபோல மேலே ஏறி வந்தது. ஆனால் திரும்பக் காற்று அடிக்க எங்களிடம் எதுவும் இல்லை. தார் ரோட்டில் சப்பை டயரோடு, பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாம் திட்டத் திட்ட, ஊர்ந்து வந்து சேர்ந்தோம்.

மறுநாளே அவள் வாங்கியது காற்று அளக்கும் மீட்டர் ஒன்று, காலால் அடிக்கும் பம்பு ஒன்று. அவள் கடைக்குப் போய் வாங்கிய சாமான்கள் வெகு நாளுக்கு அவ்வளவுதான். மணலுக்குப் பதினெட்டு பவுண்டு காற்று, தார் ரோட்டுக்கு வந்ததும் இருபத்தெட்டு என்று டாஷ்போர்டில் என் சில்வர் பேனாவை வாங்கி எழுதி வைத்தாள்.

அதற்கு முன்பே ஒரு வேலை நடந்திருந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரியும். பானட்டுக்கு முன்னால் கல் இருக்கிறதா, கழுதை படுத்திருக்கிறதா என்று தெரியாமல் எப்படி ஓட்டுவது? ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடும் ரப்பர் ஷீட்டில் வெட்டி மிச்சமானதை மேனேஜரிடம் கேட்டு, கேட் பாஸ் போட்டு எடுத்துவந்தாள். அதை இரண்டு அடுக்காக வைத்து, நான் கழித்துப்போட்ட அரக்குத் தோலில் உறை தைத்து, தடியான ஒரு மெத்தை செய்து சீட்டில் கட்டினாள். உறையின் நடுவில் ஓர் உண்ணிக் கடியும் அதைச் சுற்றி நான் போட்ட வட்டமும் அப்படியே இருந்தன. கேட் பாஸில் 'எதற்காக' என்ற இடத்தில் 'ஜீப்பில் ரோடு தெரிய' என்று எழுதியிருந்தாள். காவலாளி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

பிறகு நீங்கள் எல்லாரும் வந்து சேர்ந்தீர்கள். வேலூர் மருந்துக்கடை செந்தில் வந்த முதல் நாளை மறந்திருக்க மாட்டீர்கள். கூரையில் ஆறு விளக்கு, முன்னால் கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச், ஓரத்தில் இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய். எங்கள் வண்டியைப் பார்த்து, "மேடம், ஒண்ணும் மாத்தாத ஸ்டாக் வண்டியில இங்கெல்லாம் ஏறாது" என்றார். "வண்டி ஏறாதுங்க, நாமதான் ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு சீலி இறங்கி எதிரே இருந்த கல் மேட்டில் நடக்க ஆரம்பித்தாள். அவள் பழக்கம் அது. காலால் நடந்து பார்க்காத இடத்தில் சக்கரத்தை வைக்க மாட்டாள். நடந்து வந்தவள் என்னைப் பார்த்து, "கலா, இத ஒரு தோலுன்னு நெனச்சிக்கோ. எங்கெங்க பழுது இருக்குதோ வட்டம் போடு" என்றாள். நான் மேட்டில் ஏறி, ஆடும் கல், கூர்க்கல், அடியில் பள்ளம் இருந்த கல் எல்லாவற்றிலும் சில்வர் பேனாவால் வட்டம் போட்டேன். பிறகு வண்டிக்கு முன்னால் நின்று கையைக் காட்டினேன். இடது, இடது, நேர், நிறுத்து. அவள் லோ கியரில் போட்டு, ஆமை வேகத்தில், ஒரு வட்டத்தையும் தொடாமல் மேலே வந்துவிட்டாள். செந்தில் பாதி மேட்டில் நின்றார். அவர் வின்ச்சின் கம்பி சிக்கிக்கொண்டது. அன்று முதல் அவர் சீலியின் சீடர் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் நண்பர் என்று சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள், முதலில் என்ன வாங்கலாம் என்று. "மொதல்ல ஒண்ணும் வாங்காத. ஆறு மாசம் இருக்கறத வெச்சே ஓட்டு. எங்க தட்டுதோ அங்க மட்டும் மாத்து" என்பாள். எங்கள் வண்டியின் அடிவயிறு கல்லில் தட்டியது, ஆம்பூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் பழைய இரும்புத் தகடு ஒன்றை அளவெடுத்து மாட்டினாள். டயர் தேய்ந்தது, ஒருவர் கழற்றிப் போட்ட சேற்று டயர் நாலைத் தேடிப் பிடித்தாள். சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழன்றால் அடியில் போட, தொழிற்சாலையில் தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட்டில் இரண்டு துண்டு. இன்னொன்றும் சொல்வாள். காட்டிலாகா எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது, விதைத்த நிலத்தில் சக்கரம் படக் கூடாது, "அது இன்னொருத்தர் சோறு" என்று.

இவ்வளவு தெரிந்தவள் செய்த ஒரு கூத்தையும் சொல்லாவிட்டால் அவள் ஆத்மா என்னை மன்னிக்காது, அவளே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது. சிக்கிய வண்டியை இழுக்க ஒரு பட்டை வேண்டியிருந்தது. "தோலுக்குள்ளயே பொறந்து வளந்தவங்க நாம, கடையில போய் நைலான் வாங்கறதா?" என்று ரோஷம் வந்துவிட்டது. எருமைத் தோலை மூன்று மடிப்பாக வைத்து, கெட்டியாக இருக்கட்டும் என்று நெருக்கமாக எட்டு வரிசைத் தையல் போட்டாள். பார்க்க அப்படி அழகு. செந்திலின் வண்டி சேற்றில் மாட்டியபோது அதைக் கட்டி இழுத்தோம். தையல் ஓட்டைகளின் வரிசையில், தபால் தலையைக் கிழிப்பதுபோல, பட்டை நேர்கோட்டில் கிழிந்து பறந்துவந்து எங்கள் பானட்டிலேயே அடித்தது. நல்லவேளை, எல்லாரையும் அவள் தூர நிறுத்தியிருந்தாள். சீலி கிழிந்த முனையை எடுத்துப் பார்த்தாள். "தையலு ஜாஸ்தியானா தோலு கிழியும், தையலு ஜாஸ்தியானா தோலு கிழியும்னு லைன்ல தெனம் கத்தறது யாரு? நாந்தானே!" என்று சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மறுநாள் அந்தத் துண்டைத் தன் மெஷின்களுக்கு மேலே ஆணியடித்து மாட்டி, "இது உங்க சூப்பர்வைசர் போட்ட தையல்" என்று பெண்களுக்குக் காட்டினாள். நைலான் பட்டை அந்த வாரமே வந்தது.

இவ்வளவு காலமும் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவளுடைய நச்சரிப்பில் லைசென்ஸ் எடுத்தேன், தார் ரோட்டில் நாலைந்து முறை ஓட்டினேன். கல்லும் மணலும் வந்தால் இறங்கிவிடுவேன். "நான் முன்னாடி நடக்கறதுக்குத்தான் லாயக்கு" என்பேன். அவள், "வர்ற வாரம் நீ ஓட்டற" என்பாள். நான் "பாக்கலாம்" என்பேன்.

அவள் போவதற்கு முந்தைய ஞாயிறு, ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஃபேன் பெல்ட் அறுந்தது. நமக்கு எப்போதும் தண்ணீர் தரும் முனுசாமியின் மாந்தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறு தோப்புக்கு முன்னாடி இருக்கற அந்தக் கானாத்த நீதான் தாண்டற. நான் முன்னாடி நடக்கறேன். ஒரு தபா நானும் வெளிய நின்னு கை காட்டிப் பாக்கறேனே" என்றாள். நான் வழக்கம்போல "பாக்கலாம்" என்றேன். அந்தச் சொல்லை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

காரியங்கள் எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து டேவிட் அண்ணன் வீட்டுக்கு வந்தார். சாவி கையில் இருந்தது. "செந்திலக் கூப்ட்டா எடுத்தாந்துடுவாரு. ஆனா அவ உன்னையத்தான் சொன்னா. நீ எடுக்கலன்னா வித்துடறேம்மா, அந்தத் தோப்புல அநாதையா நிக்கறத என்னால பாக்க முடியாது" என்றார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. "வர்றேண்ணே" என்றேன்.

தோப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே வறண்டு கிடக்கிறது அந்தக் கானாறு, மழைக்கு மட்டும் தண்ணீர் வரும் காட்டாறு. கொஞ்சம் மணல், நிறையக் கல், எதிர்க்கரையில் ஒரு செங்குத்தான ஏற்றம். மெக்கானிக் முன்தினமே வந்து பெல்ட் மாட்டிவிட்டுப் போயிருந்தார். முனுசாமியின் மனைவி வண்டிமேல் பழைய படுதாவைப் போட்டுப் பாதுகாத்திருந்தார், அதை எடுக்கும்போது உள்ளேயிருந்து ஒரு கோழி குதித்தது. மீட்டரை எடுத்து நாலு டயரையும் பதினெட்டுக்கு இறக்கினேன். "நான் முன்னாடி நின்னு கை காட்டறேன்" என்று டேவிட் அண்ணன் ஓடினார். பாவம், அவர் காட்டிய கையைப் பார்த்தால் வண்டியை நிறுத்துகிறாரா, எனக்கு ஆசீர்வாதம் சொல்கிறாரா என்றே தெரியவில்லை. "அண்ணே, நீங்க கரையில நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கானாற்றில் இறங்கி நடந்தேன்.

கற்களின்மேல் வட்டங்கள் இருந்தன. கடைசி ஞாயிறு இதைத் தாண்டி வரும்போது நான் போட்டவை. மழை இல்லாததால் ஒன்றும் அழியவில்லை. அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை ஞாயிறுகளும் இந்தக் கற்களைத் தாண்டியது சீலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஓட்டும்போது கல்லைப் பார்க்கவே இல்லை, என் கையை மட்டும் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அவள் அவ்வளவு நம்பிய வட்டங்களை நான் நம்பாமல் இருந்தால் அவளுக்கு என்ன மரியாதை?

ஏறி உட்கார்ந்தேன். லோ கியர். முதல் கல்லிலேயே வண்டி நின்றுபோனது, திரும்பக் கிளப்பினேன். வட்டம் போட்டதை விலக்கி, விலக்கி, மணலில் மெதுவாக, ஏற்றத்தில் நிறுத்தாமல் மேலே வந்தேன். வரும் வழியெல்லாம் அழுதேன், ஆனால் மிதியை விடவில்லை. மேலே வந்ததும் டேவிட் அண்ணன் ஓடிவந்து, "சீலி கை காட்டனாளா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பம்பை எடுத்துக் காற்று அடிக்க உட்கார்ந்தார்.

மீட்டர், பம்பு, நைலான் பட்டை எல்லாம் வண்டியோடு இருக்கின்றன, கூட்டத்தில் யார் கேட்டாலும் தருவேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த அரக்கு மெத்தை ஒன்றுதான். நான் சீலியைவிட நல்ல உயரம். அதன்மேல் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் உச்சந்தலை கூரைக் கம்பியில் இடிக்கிறது. போன ஞாயிறு செந்தில் அதைப் பார்த்துவிட்டு, "கழட்டிப் போடுங்க மேடம், தலை வீங்கிடும்" என்றார். வீங்கட்டும். அது சீலியின் இடம், நான் அதன்மேல்தான் உட்காருவேன்.