ஜம்புலிங்கத்தின் இரட்டைக் குழி

ஆவடி குவார்ட்டர்ஸில் ஜம்புலிங்கத்தை 'நிலாக்காரர்' என்று சொன்னால்தான் தெரியும். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். ஃபாக்டரியில் கிரேன் ஓட்டினார். உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, டன் கணக்கான இரும்பை, கீழே நிற்கிறவன் கை காட்டிய இடத்தில் பூப்போல இறக்கிவைப்பார். எண்பத்தாறில் ஊரே வால்நட்சத்திரத்தைத் தேடி அண்ணாந்து பார்த்து ஏமாந்தது. மற்றவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் ரோஷம் வந்தது. தொலைநோக்கிக்கு ஆடி செய்ய இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகளை வாங்கி, நடுவே கார்போரண்டம் என்ற தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, மாதக்கணக்கில் சமையற்கட்டில் தேய்த்தார். சோற்றில் பொடி கடிக்கிறது என்று அவர் மனைவி கஸ்தூரி தட்டை நகர்த்தி வைத்த நாட்களும் உண்டு. பட்டாபிராமில் பிறந்தவள், வாயை அடக்கத் தெரியாதவள். ஆனாலும் தொலைநோக்கி தயாரானதும் மொட்டை மாடிக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியவள் அவள்தான்.

நிலவில் பெரிய பெரிய பள்ளங்கள் ஆயிரம் இருக்க, மனிதர் ஒரு பொடிக் குழியில் போய் விழுந்தார். மெஸ்ஸியர் என்று பெயர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே அடங்கிவிடும், பத்துக் கிலோமீட்டர், அவ்வளவுதான் அகலம். வட்டமாகக்கூட இல்லை, யாரோ இருபுறமும் பிடித்து இழுத்ததுபோல நீண்டிருக்கும். ஒட்டினாற்போல இன்னொரு குழி. அதிலிருந்து இரண்டு வெளிர்க்கோடுகள் ஒரே பக்கமாக, கரிய சமவெளியில் வெகுதூரம் ஓடும். அந்தச் சமவெளிக்கு வளமைக் கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட கஸ்தூரி அதைக் கேட்டு, நம்ம காலனிக்கும் அந்தப் பேரையே வைக்கலாம் என்றாள்.

ஏதோ ஒரு கல் மிகத் தாழ்வாக, சரிந்து வந்து மோதியிருக்க வேண்டும் என்று படித்திருந்தார். பருத்திப்பட்டு ஏரியில் ஓட்டாஞ்சில்லை விட்டெறிந்தால் பட்டுத் தாவி மறுபடி படுமே, அதுபோல. நாலாம் பிறை, ஐந்தாம் பிறை மேற்கே தெரியும் மாலைகளில், ஷிஃப்ட் முடிந்து வந்து காப்பிகூடக் குடிக்காமல் மாடியேறிவிடுவார். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணைக் குழாயின் ஐபீஸில் வைப்பார். ஐந்து வருஷம் அப்படித்தான்.

தொண்ணூற்றொன்றில் ஒரு மாலை, அந்த நீள்குழி அங்கே இல்லை. பக்கத்துக் குழி இருந்தது, கோடுகள் இருந்தன, அதன் இடத்தில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல். பக்கத்துக் குழியை உற்றுப் பார்த்தார். இப்போது அது மங்கி, முதல் குழி ஓரத்தில் எட்டிப்பார்த்தது. அந்த இரட்டைக் குழி மாறிக்கொண்டே இருக்கிறது என்று நிலவைப் பார்த்துவந்த பழைய காலத்து ஆட்கள் சண்டை போட்டதை ஏதோ புத்தகத்தில் வாசித்திருந்தார். குழிக்குள்ளிருந்து புகை கிளம்புகிறது, தாம்தான் பார்த்துவிட்டோம் என்று முடிவே கட்டிவிட்டார்.

கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் கீதே. நீ இன்னா ஒண்ணுன்ற?"

ஜம்புலிங்கம் சிரித்தார். பார்க்கப் பழகாத கண் என்றார். கூட வேலை செய்த டேவிட், காற்றே இல்லாத இடத்தில் புகை எப்படி மிதக்கும் என்று கேட்டபோதும் அதே சிரிப்புத்தான். பாவி மனுஷர், வாழ்நாளில் முதல்முறையாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கிரேன் கொக்கி இரண்டு தடவை ஒரு சாண் தள்ளி இறங்கியதற்குப் பிரேக்கைத் திட்டினார். சர்க்கரை இருக்கிறது, ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு வா என்று கஸ்தூரி நச்சரித்ததைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த மங்கல் மாதாமாதம் பெரிதாகி வந்தது. புகை பரவுகிறது என்று பூரித்துப்போனார்.

அரை வருஷம் கழித்து ஒரு மாலை, வலக்கண்ணில் ஈசல் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, பிறை இறங்கிவிடுமே என்ற அவசரத்தில் இடக்கண்ணை வைத்தார். இரண்டு குழிகளும் அருகருகே, விளிம்பு கலையாமல், எப்போதும்போல இருந்தன. வலக்கண்ணைத் துடைத்துவிட்டு வைத்தார். இரண்டும் இல்லை. மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு குழாயை விட்டுவிட்டு, இடக்கண்ணை மூடிக்கொண்டு, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த கஸ்தூரியைப் பார்த்தார். புடவை தெரிந்தது, கை தெரிந்தது, முகம் இருந்த இடத்தில் அதே மங்கல்.

சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் ரத்தநாளம் கசிந்து வடுவாகிவிட்டது என்றார் கண் டாக்டர். லேசரில் ஓரளவு காப்பாற்றியிருக்கலாம், ஆறு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும், ஒன்றுமே தெரியவில்லையா என்று கேட்டார். தெரிந்ததே, அதைத்தானே ஜம்புலிங்கம் ஆறு மாதமாக ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்தார்! அவமானத்தில் அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

கிரேனிலிருந்து இறக்கி ஸ்டோர்ஸில் உட்காரவைத்தார்கள். இடக்கண்ணுக்கு லேசர் பார்த்தார்கள். அது இரண்டு வருஷம் தாக்குப்பிடித்து, பிறகு அதுவும் வலக்கண்ணின் வழியே போனது. ஓரங்கள் தெரியும், பார்க்க நினைக்கும் எதுவும் தெரியாது. தொலைநோக்கியில் துணி உலர்த்த ஆரம்பித்தாள் கஸ்தூரி.

தொண்ணூற்றைந்தில் ஒரு ஐந்தாம் பிறையன்று, அவரே அந்தத் துணிகளை எடுத்துப் போட்டார். குழாயைத் தடவித் தடவித் திருப்பினார். பிறை ஐபீஸுக்குள் வந்ததைக் கஸ்தூரிதான் சொன்னாள். கருப்பு நிலம், அதில் வெள்ளையாக ரெண்டு கோடு என்று அவள் சொல்லச் சொல்ல, கோடு தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"ரெண்டும் கீதா?"

கஸ்தூரி ஐபீஸிலிருந்து முகத்தை எடுக்காமலே அழுதாள்.

"ரெண்டும் கீது. அன்னிக்கும் ரெண்டும்தான்யா இருந்துச்சு."

"தெரியும்" என்றார் ஜம்புலிங்கம்.