வெள்ளிக்கிழமைக்குள் காயாத மரம்

மார்லிஸ் ஹாகன் அமெரிக்காவின் வடக்கே, டுலூத் நகரில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பனிப்புயலில்கூட எந்தப் பிள்ளையையும் நடுவழியில் விட்டதில்லை. யார் அதட்டியும் வேகத்தைக் கூட்டியதுமில்லை.

விவாகரத்தான கோடையில், வீட்டின் பின்புறம் தன் கையாலேயே ஒரு மரத்தளம் அடித்தார். பதினைந்து குளிர்காலம் தாங்கி அது சாம்பல் பூத்துப்போனது. இந்த ஆகஸ்டில் எங்கள் குடியிருப்புச் சங்கம் கடிதம் அனுப்பியது. செப்டம்பர் இரண்டாம் வெள்ளிக்குள் சாயம் பூச வேண்டும். தவறினால் திங்களன்று ஆட்கள் வந்து பலகைகளைப் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் பதிப்பார்கள்.

மார்லிஸ் எழும்பி நின்ற ஆணிகளை அடித்து இறக்கினார். தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை அண்டவிடவில்லை. அது மரத்தைப் பஞ்சாக்கிவிடும். அழுக்கு நீக்கும் கரைசல் ஊற்றி, தூரிகையால் தேய்த்துக் கழுவினார். காய்ந்ததும் சொரசொரப்பான உப்புத்தாள் போட்டார். அதற்குமேல் வழவழப்பாக்கினால் மரம் சாயத்தைக் குடிக்காது. எல்லாம் முடிந்த புதன் இரவு மழை பிடித்தது. வியாழன் முழுக்கப் பெய்தது.

வெள்ளி மதியம் சங்கத் தலைவர் டுவைன் வந்தார்.

"சாயந்தரம் அஞ்சு மணி. ஞாபகம் இருக்குல்ல?"

"எனக்கு இருக்கு. மரத்துக்கு இல்ல."

"வெயில்தான் அடிக்குதே! மேலால ரெண்டு இழுப்பு இழுத்து விடு. யாரு பாக்கப் போறா?"

மார்லிஸ் ஒரு கை தண்ணீரை அள்ளிப் பலகையில் தெளித்தார். அது உள்ளே இறங்காமல் அப்படியே நின்றது.

"பாத்தியா? தண்ணியையே குடிக்கல. சாயத்தக் குடிக்குமா? உன் தளத்துக்கு நீ இப்படித்தான் அவசரப்பட்டுப் பூசினே. அடுத்த மே மாசமே அது வெயில்ல வெந்த முதுகு மாதிரி உரிஞ்சுச்சு. அப்புறந்தானே பிளாஸ்டிக்குக்கு ஓடினே?"

டுவைனின் காது சிவந்தது. "விதின்னா விதிதான், மார்லிஸ்."

"மழை உங்க சங்கத்துல உறுப்பினரா?"

ஐந்து மணி வந்தது, போனது. சாய டப்பாக்கள் மூடியபடியே இருந்தன. சனியும் திறக்கவில்லை. ஞாயிறு பிற்பகல் தெளித்த தண்ணீர் சட்டென்று மரத்துக்குள் மறைந்தது. உடனே சுவரோரம் மண்டியிட்டுத் தொடங்கினார்; இருட்டும்வரை பூசினார்.

திங்கள் காலை அவர் மிச்சத்தைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது, கூடவே டுவைனும். மார்லிஸ் எழவில்லை. லாரியிலிருந்து இறங்கிய மேஸ்திரி பலகையைக் குனிந்து பார்த்தார்.

"அழுகிப்போச்சுன்னீங்களே, டுவைன்?"

"கெடு தாண்டிருச்சு."

"பலகை நல்லாத்தானே இருக்கு. ஈரச் சாயத்துல என் ஆளுங்க ஏற மாட்டாங்க. வேணும்னா நீங்களே ஏறி உடைங்க."

டுவைன் ஒரு காலைத் தூக்கினார்.

"ஷூவை வெச்சுப் பாரு," என்றார் மார்லிஸ், தலை நிமிராமல். "முழுசையும் நீதான் திரும்பத் தேய்க்கணும்."

டுவைன் காலைப் புல்லிலேயே வைத்தார். லாரி பின்னோக்கி நகர்ந்து தெருவுக்குப் போனது.